பைபிள் வாசிச்சும் மனசு வறண்டு கிடந்தா என்ன செய்யிறது?
ஒவ்வொரு நாளும் வாசிக்கிறன், ஆனா உள்ளுக்க ஒண்டும் ஏறுதில்லை எண்டு கேட்டிருக்கிறியள். முதல்ல ஒரு நாளைக்கு இத்தினை அதிகாரம் எண்ட கணக்கை விடுங்கோ. ஒரு வருசத்தில முழு பைபிளும் முடிக்கிற பிளான் நல்லதுதான், ஆனா களைச்சுப்போன ஆளுக்கு அது இன்னொரு வேலையாப் போயிடும்.

119ம் சங்கீதத்தை எடுங்கோ. 176 வசனம், முழுக்க வேண்டாம், 25ல மட்டும் நில்லுங்கோ: "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, உமது வசனத்தின்படி என்னை உயிர்ப்பியும்." வேதத்தை இவ்வளவு நேசிச்சு இந்தச் சங்கீதத்தை எழுதின ஆளே மண்ணில கிடந்துதான் கேக்கிறார் பாருங்கோ, அப்ப வறட்சி வந்திட்டுதெண்டு விசுவாசம் போயிட்டுதெண்டு அர்த்தமில்லை. அதை வாய்விட்டு, ஆறுதலா, உங்கட ஜெபமாவே நாலைஞ்சு தரம் சொல்லுங்கோ, எந்தச் சொல்லு மனசில தைக்குதோ அதோட அண்டைக்கு வாசிப்பை நிப்பாட்டினாலும் பரவாயில்லை.

உடம்பையும் பாருங்கோ. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ சாகவேணுமெண்டு படுத்திருக்கேக்க தூதன் முதல்ல குடுத்தது அடையும் தண்ணியும், பிறகுதான் ஓரேப் மலையில கடவுள்ட அந்த மெல்லிய சத்தம் (1 இராஜாக்கள் 19). நித்திரை தூங்கித் தூங்கி இரவில வாசிக்காம, விடிய ஒரு பிளேன்ரீயைக் குடிச்சிட்டு இருங்கோ.

மானிப்பாய்ப் பக்கம் எண்டு எழுதியிருக்கிறியள், தனிய ஏலாட்டி சேர்ச்சில ஒராளைக் கூப்பிட்டு மாறி மாறிச் சத்தமா வாசியுங்கோ.