‘வடமாநில வாலிபர் கைது’: ஊர் எப்படித் தலைப்புக்கு வருகிறது?

காரைக்குடிக்காரர் கத்தியால் குத்தினால் பத்திரிகைத் தலைப்பு ‘வாலிபர் கைது’, பீகார்க்காரர் குத்தினால் ‘வடமாநில வாலிபர் கைது’. ஏன் என்று கேட்கிறீர்கள். பாதி அவசரம்தான்: போலீஸ் குறிப்பில் இருக்கும் ஊரைத் தூக்கித் தலைப்பில் வைத்துவிடுவார்கள். அந்த இடத்தில் ‘தென்மாநில வாலிபர்’ என்று போட்டுப் படியுங்கள். சிரிப்பு வந்தால் அடைமொழிக்கு அங்கே வேலையில்லை.

சாதிக் கொலையில் இதற்கு நேர்மாறு. அங்கே சொல்லவேண்டிய அடையாளம் மறைந்து ‘இரு தரப்பு மோதல்’ ஆகிவிடும். காரைக்குடி இருக்கும் இதே சிவகங்கை மாவட்டத்தின் கச்சநத்தத்தில் 2018 மே மாதம் பட்டியலினத்தவர் 3 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2022-இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை. அதற்குப் பெயர் மோதலா? சாதிதான் காரணமென்றால் எழுதியே ஆகவேண்டும். சம்பந்தமில்லாத இடத்தில் சாதியைத் தவிர்க்கச் சொல்கிறது, பத்திரிகைகளுக்கு நெறி வகுக்கும் அமைப்பான பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை.