குளத்துக்குள் போன சாலை

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் பேரன், வான்படத்தைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலை வரைகிறான். கூகுள் படத்தைத் தொடக் கூடாதாம்; அரசு எடுத்த படம் என்றால் யாரையும் கேட்க வேண்டாமாம். அது எப்படி?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பேரன் சொல்வது பெரும்பாலும் சரிதான் அம்மா. கூகுள் படத்துக்கு உரிமைக்காரர்கள் உண்டு. அதன்மேல் கோடு வரைந்து ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்க முடியாது. அமெரிக்க வேளாண் துறை பயிர்க் கணக்குக்காக 2003 முதல் விமானத்திலிருந்து எடுத்துவரும் 'நெய்ப்' படங்களோ பொதுச்சொத்து.

மிசூரியில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த நாட்டுச் சாலைகளில் பெரும்பாலானவை 2007, 2008இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் 'டைகர்' கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றப்பட்டவை. வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறவருக்குத் தேவையான அளவுக்குப் போட்ட கோடுகள் அவை. அதனால் மலைப்பகுதிகளில் பல கோடுகள் தடம் மாறிக் கிடந்தன. நான் திறந்த முதல் சாலை நேராக ஒரு குளத்துக்குள் இறங்கியது! படத்தில் பார்த்தால், கரையை ஒட்டி வெளுத்த சரளைப் பாதை தெளிவாக வளைந்து போகிறது. கோட்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்து அந்த வளைவில் உட்கார வைத்தேன். ஒரே சாலைக்கு இரண்டு டம்ளர் காபி.

படத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மேடுபள்ளமான இடத்தில் படமே சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். அந்த வழியாகப் போனவர்கள் பதிந்த ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிட்டுவிட்டு வரையச் சொல்லுங்கள். அப்புறம், நெய்ப் பயிர் வளரும் பருவத்தில் எடுப்பது. வயலுக்கு அது நல்லது. காட்டுப் பாதையையோ இலை மூடிவிடும். சில மாநிலங்கள் இலையுதிர்ந்த காலத்தில் எடுத்த படங்களையும் தாராளமாகத் தருகின்றன. ஆனால் மாநில அரசுப் படம் எல்லாமே பொதுச்சொத்து என்று சொல்ல முடியாது. நிபந்தனையைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

சாலைப் பெயர், பூட்டிய கேட் எல்லாம் மேலிருந்து தெரியாது. நான் பெருமையாக ஊர்ச்சாலை என்று குறித்த ஒன்றை மகனோடு காரில் போய்ப் பார்த்தேன். முனையில் ஒரே ஒரு தபால்பெட்டி, உள்ளே ஒரே ஒரு வீடு. 'அத்துமீறி நுழையாதே' என்று பலகை வேறு. அன்று இரவே அதைத் தனியார் வழி என்று மாற்றினேன்.