ஆடுகிறது படகுத்துறை!

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஆற்றில் எங்களுக்கென்று சின்ன மரப் படகுத்துறை ஒன்று இருக்கிறது. பலகைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நடந்தால் லேசாக ஆடுகிறது. பலகையை மாற்றினால் போதுமா?

பதில்: பலகையை விடுங்கள், தூணைப் பாருங்கள். எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மரம், காற்று கிடைக்காததால் சீக்கிரம் உளுக்காது. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிறதே, நீர்மட்டத்தை ஒட்டிய அந்த ஒரு முழம்தான் முதலில் போகும். தண்ணீர் குறைந்த நாளில் ஸ்க்ரூடிரைவரோடு இறங்கி, அங்கே குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் தடுக்கும். என் படகுத்துறையில், தட்டினால் கெட்டியாக ஒலித்த தூணில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை இறங்கிவிட்டது. அன்றைக்கே படகை வேறு இடத்தில் கட்டினேன்.

தூண் சரி என்றால், அப்புறம் போல்ட்டுகள். துத்தநாகம் பூசிய போல்ட்டை எவர்சில்வர் தகட்டோடு சேர்த்து முடுக்காதீர்கள். ஈரத்தில் துத்தநாகம் கரைந்து, போல்ட் துருப்பிடிக்கும். அழகாக இருக்கிறதே என்று நானும் அப்படிச் செய்தவன்தான்! பாசிக்குத் தேய்ப்பு பிரஷ் போதும். தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை அதிக அழுத்தத்தில் வைத்தால் மரத்தின் நாரே பிய்ந்து வரும்.

துறையில் மின்விளக்கு இருக்கிறதா? அப்படியானால், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் மின்கசிவுத் துண்டிப்பான் (RCD) கட்டாயம். அது இருந்தாலும், அந்தப் பக்கம் பிள்ளைகளை நீந்த விடாதீர்கள்.