போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலே வைத்திருக்கலாமா?

கேள்வி: ஃபோட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 1 டி.பி. டிஸ்க் நிரம்பிவிட்டது. 4 டி.பி. போர்ட்டபிள் ஒன்று வாங்கி, பின்னால் செருகி அப்படியே விட்டுவிடலாம் என்றிருந்தேன். கடைக்காரர், “உள்ளே மாட்டுவதையே வாங்குங்கள்” என்கிறார். அவர் பேச்சைக் கேட்கலாமா?
ஈரோடு வாசகர்

பதில்: கேளுங்கள். கேபினெட்டில் டிஸ்க் மாட்ட இடமும், மதர்போர்டில் காலியாக ஒரு சாட்டா போர்ட்டும் (டிஸ்க்கின் டேட்டா கேபிள் செருகும் இடம்) இருந்தால் 3.5 அங்குல இன்டெர்னல் டிஸ்க்தான் உங்கள் வேலைக்கு ஏற்றது. எடுத்துப் போவதற்கும், நகல் எடுத்து பீரோவில் வைப்பதற்கும் செய்த பொருள் போர்ட்டபிள். நாள் முழுக்க ஆல்பம் டிசைன் நடக்கும் மேசையில் அது திணறும்.

முதலில் கரண்ட். உள்ளே மாட்டும் டிஸ்க்குக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டி) 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் நேராக வரும். போர்ட்டபிளுக்கு எல்லாமே யூ.எஸ்.பி. வழியாக வரும் 5 வோல்ட்தான். யூ.எஸ்.பி. 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் தர வேண்டும்; 2.0 போர்ட் 500தான். டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடியில் 1 ஆம்பியர் வரை இழுக்கும். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டுக்குள்ளே மெல்லிய ஒயர்தான் போகிறது; அதிலோ, அடாப்டர் இல்லாத ஹப்பிலோ செருகினால் வோல்டேஜ் இறங்கிவிடும். ‘டிக்... டிக்’ சத்தம், டிரைவ் வந்து வந்து மறைவது எல்லாம் இதனால்தான் பாதி நேரம் வருகிறது. டிஸ்க் போய்விட்டது என்று பலர் நல்ல டிஸ்க்கையே ஒதுக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது சாக்கெட். நடுவில் வெட்டு விழுந்ததுபோல் இருக்கும் அந்த அகலமான மைக்ரோ-பி சாக்கெட் மேசை துடைக்கும்போது படும் இழுப்பையும், தொங்கும் கேபிளின் பாரத்தையும் வருடக்கணக்கில் தாங்காது. சால்டர் விடும். இன்றைய பல மாடல்களில் இந்த சாக்கெட் டிஸ்க்கின் சொந்த போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே தனியாக சாட்டா முனை கிடையாது. அதனால் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிப் படிக்க வழியில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வரிசையில் பல மாடல்கள், நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும், டேட்டாவை என்க்ரிப்ட் செய்தே (ரகசியக் குறியீடாக மாற்றியே) எழுதுகின்றன. போர்டு போனால் மீட்புச் செலவு டிஸ்க் விலையைவிடப் பல மடங்கு ஆகும்.

சூட்டையும் கவனியுங்கள். பல போர்ட்டபிள்களுக்குக் கம்பெனி குறிப்பிடும் வேலை வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ். ஏப்ரல், மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையே அதைத் தாண்டும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்கு ஃபேனும் கிடையாது.

எழுதும் வேகத்தில்தான் உங்களுக்குப் பெரிய இடைஞ்சல் வரும். 1 டி.பி.க்கு மேற்பட்ட 2.5 அங்குல டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்.எம்.ஆர். முறை. ஓட்டு வீட்டுக் கூரையைப் பாருங்கள்: ஒவ்வொரு ஓட்டின் விளிம்பும் அடுத்ததன் கீழே ஒளிந்திருக்கும். டிஸ்க்கின் தடங்களும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் உடைந்த ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருப்பவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும். கல்யாண வீடியோ 200 ஜி.பி.யை ஒரே மூச்சில் ஏற்றினால் முதலில் விநாடிக்கு 100 எம்.பி.க்கு மேல் ஓடும். அதன் தற்காலிக இடம் நிறைந்ததும் 20, 30 என்று இறங்கிவிடுவது உண்டு.

இன்டெர்னல் டிஸ்க்கிலும் இந்த முறை இருக்கிறது. சீகேட் பாரகுடா 4 டி.பி. எஸ்.எம்.ஆர்.தான். பில் போடும் முன் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, கம்பெனியின் டேட்டாஷீட்டில் சி.எம்.ஆர். (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத முறை) என்று இருக்கிறதா என்று பாருங்கள். சீகேட் ஐயன்வுல்ஃப் வரிசை சி.எம்.ஆர்.; விலை கூடுதல், உங்கள் வேலைக்கு அந்தக் கூடுதல் தகும்.

மாட்டுவது அரைமணி நேர வேலை. மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கை அதன் கூட்டில் நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள், எஸ்.எஸ்.டி.க்கு வரும் நுண்ணிய மரை ஸ்க்ரூ இதற்குப் பொருந்தாது. சாட்டா கேபிளின் வாய் ‘எல்’ வடிவம், ஒரு பக்கமாகத்தான் போகும். பவருக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக வரும் சாட்டா முனையையே பயன்படுத்துங்கள். பழைய நான்கு பின் முனையிலிருந்து மாற்றித்தரும் மலிவான மோல்டட் கன்வெர்ட்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி உருகும், வேண்டவே வேண்டாம். பிறகு விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில், டிஸ்க்கைப் பிரிக்கும் முறையாக ஜி.பி.டி. என்று தேர்ந்தெடுத்து, என்.டி.எஃப்.எஸ். ஃபார்மட் செய்யுங்கள். பழைய முறையான எம்.பி.ஆர். தேர்ந்தெடுத்தால் 2 டி.பி.க்கு மேல் கைக்கு வராது. 4 டி.பி. டிஸ்க் 3.63 டி.பி. என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

போர்ட்டபிளும் ஒன்று வாங்குங்கள், ஆனால் நகலுக்காக. வாரம் ஒருமுறை செருகி, நகலெடுத்து, கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க் நகல் ஆகாது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ் வந்தால் உள்ளே இருப்பதையும் வெளியே செருகியதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

கேள்வி: ஏற்கெனவே 2 டி.பி. போர்ட்டபிள் வாங்கி ஒரு வருடமாகக் கம்ப்யூட்டரிலேயே செருகியிருக்கிறேன். சில நாள் தானாக மறைந்துவிடுகிறது. சில நாள் எஃப் டிரைவ் ஜி ஆகிவிடுகிறது, கணக்கு மென்பொருளான டேலி பழைய ஃபோல்டரைத் தேடி நிற்கிறது. என்ன செய்வது?
மதுரை வாசகர்

பதில்: டேலி டேட்டாவை முதலில் உள் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். கணக்குப் புத்தகம் யூ.எஸ்.பி. கேபிளை நம்பி இருக்கக் கூடாது.

மறைவதற்கு இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று போர்ட்: மதர்போர்டின் பின்பக்கமுள்ள நீல நிற 3.0 போர்ட்டில், டிரைவுடன் வந்த குட்டைக் கேபிளாலேயே செருகுங்கள். இன்னொன்று விண்டோஸ்: பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் ‘யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை டிஸேபிள் செய்யுங்கள். எழுத்து மாறாமல் இருக்க, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பார்ட்டிஷனை ரைட் கிளிக் செய்து எம் (M), பி (P) போல எந்தப் பென்டிரைவும் வந்து பிடிக்காத எழுத்தைக் கொடுங்கள்.

ஃபார்மட் எக்ஸ்ஃபேட்டாக இருந்தால், டேட்டாவை எடுத்துவிட்டு என்.டி.எஃப்.எஸ். ஆக்குங்கள். எழுதும்போது கரண்ட் போனால், செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் குறிப்பேட்டை வைத்து என்.டி.எஃப்.எஸ். சமாளித்துக்கொள்ளும், எக்ஸ்ஃபேட்டுக்கு அது இல்லை. யூ.பி.எஸ். இல்லாமல் இதை ஓட்டாதீர்கள்.

இன்றே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கில் பழுதான இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் கடைசி எண்ணைப் பாருங்கள். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்த எண்கள் முதலில் ஹெக்ஸ் கணக்கில் (பதினாறின் அடிப்படையில் எண்ணும் முறை) வரும், அதனால் 10 என்று காட்டினால் அது 16. சி5-இல் எண் ஏறியிருந்தால் விண்டோஸின் ரிப்பேர் கருவியை ஓட்டாதீர்கள். நலிந்த டிஸ்க்கை அது இன்னும் அலைக்கழிக்கும். முக்கியமான ஃபோல்டர்களை முதலில் வெளியே எடுங்கள்.

கேள்வி: போர்ட்டபிளின் பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை கேபினெட்டுக்குள் மாட்டலாமா?
திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். பிரித்தால் வாரண்டி போகும். உள்ளே சாட்டா முனை இருக்குமா என்பது பிரித்தபின்தான் தெரியும். இருந்தாலும், என்க்ரிப்ட் செய்யும் போர்டு உள்ள மாடலானால் பழைய ஃபைல்கள் படிக்காது.

கேள்வி: தனி அடாப்டருடன் வரும் பெரிய எக்ஸ்டெர்னல் டிஸ்க் எப்படி?
கோவை வாசகர்

பதில்: கேபினெட்டில் இடமே இல்லாதவர்களுக்கு அது போர்ட்டபிளைவிட நல்லது. உள்ளே 3.5 அங்குல டிஸ்க்தான், 12 வோல்ட் தனியாக வருகிறது. யூ.பி.எஸ்.ஸில் அதன் அடாப்டருக்கும் ஒரு சாக்கெட் ஒதுக்குங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் பேக்கப் இருந்து, கரண்ட் போனதும் டிஸ்க் மட்டும் அணைந்தால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெடும். இன்னொரு எச்சரிக்கை: பழைய லேப்டாப் அடாப்டர் சிலவற்றின் முனை இதிலும் நுழையும். அது 19 வோல்ட். செருகிய அடுத்த கணமே போர்டு கருகும். டிஸ்க்கின் அடாப்டரில் வெள்ளை டேப் சுற்றி ‘டிஸ்க் 12 வோல்ட்’ என்று எழுதி வையுங்கள்.