யூதச் சமயப் பள்ளிகளில் தோராக் கதைகளை வாரம் ஒன்றாகச் சொல்லித்தருவது ஏன்?

தோரா என்பது யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்கள், ஆதியாகமம் முதல் உபாகமம் வரை. யூதர்கள் இதை 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒரு பகுதிக்குப் பராஷா என்று பெயர். வாரம் ஒன்று, சில வாரங்களில் இரண்டு என வாசித்து ஓராண்டில் முடிப்பார்கள். சிம்ஹத் தோரா பண்டிகையன்று கடைசிப் பகுதியை முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

பல பள்ளிகளில் வகுப்பும் இதே வரிசையில்தான் போகும். சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் பெருவெள்ளத்தில் தப்பிய நோவாவின் கதை என்றால், அந்த வாரம் பிள்ளைகள் அவருடைய கப்பலான பேழைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். காரணம், வெள்ளி இரவுச் சாப்பாட்டில் தாத்தாவும் பேத்தியும் ஒரே கதையைப் பேச முடிய வேண்டும். வீடே ஒரே டிவி தொடரைப் பார்ப்பது மாதிரி. யாருக்கும் முன்கதை சொல்ல வேண்டியதில்லை.

சரி, வருஷா வருஷம் அதே கதை சலிக்காதா? கதை அதேதான், கேள்வி மாறும். ஐந்து வயதில் பேழைக்குள் என்னென்ன மிருகங்கள் என்பதே போதும். பத்து வயதில், "கடவுள் அழிக்கவிருந்த சோதோம் நகருக்காக ஆபிரகாம் கடவுளிடம் வாதாடினாரே, நோவா ஏன் வாயே திறக்கவில்லை?" என்று ஆசிரியர் கேட்பார். ரபிகள், அதாவது யூத மத குருமார்கள், காலங்காலமாக அலசும் கேள்வி அது! மூன்றாம் நூலான லேவியராகமம் வந்தால்தான் ஆசிரியர் பாடு திண்டாட்டம். பலி முறைகளும் தோல்நோய்ச் சட்டங்களுமாக இருக்கும், கதை அபூர்வம்.

ஒன்று மட்டும்: சிறுவன் ஆபிரகாம் தந்தையின் சிலைகளை உடைத்த கதை தோராவில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அது பிற்கால ரபிகளின் மித்ராஷ் விளக்கங்களில் வருவது.