துணைக்கு வருபவரின் செலவு யாருடையது?

அன்புள்ள ஐயா,

எங்கள் துறை நடத்தும் மூன்று நாள் கருத்தரங்குக்கு ஓர் ஆய்வாளரைப் பேச அழைத்திருக்கிறோம். தசைச் சிதைவு நோய் உள்ளவர், சக்கர நாற்காலியில் இருப்பவர். தன்னுடன் வரும் உதவியாளரின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்க முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். அமைப்புக் குழுவில் அன்றிலிருந்து வாக்குவாதம்தான். ‘இவருக்குக் கொடுத்தால் நாளை எல்லோரும் குடும்பத்தோடு கிளம்பி வருவார்கள்’ என்கிறார் பொருளாளர். ‘மாணவத் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்ளட்டும்’ என்கிறார் இன்னொருவர். உதவியாளரின் பதிவுக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்யலாம் என்பது என் யோசனை. உங்கள் கருத்து என்ன? (என் பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

கட்டணத் தள்ளுபடி போதாது. உதவியாளரின் பயணம், தங்குமிடம், சாப்பாடு, சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் அந்த நாட்களின் சம்பளம் என எல்லாமே கருத்தரங்கின் கணக்கில் வர வேண்டியவை. அரங்க வாடகையையும் ஒலிபெருக்கிச் செலவையும் நீங்கள் பேச்சாளரிடம் கேட்பதில்லையே.

பொருளாளரின் பயத்துக்கு அடிப்படை இல்லை. மற்றப் பேச்சாளர்கள், குடும்பத்தார் வராவிட்டாலும் மேடைக்கு வந்துவிடுவார்கள். இவரால் உதவியாளர் இல்லாமல் காலையில் படுக்கையை விட்டே எழ முடியாமல் போகலாம். மனைவியோ அண்ணனோ உதவியாளராக வந்தாலும் கணக்கு அதேதான். இரவில் பலமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைப்பவரை விருந்தாளி என்று எப்படிச் சொல்வது?

தன்னார்வலர் யோசனைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நல்ல மனதோடு சொல்லியிருப்பார்கள், ஆனால் அது ஆபத்தானது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஒருவரைத் தூக்கி மாற்றும்போது எங்கே பிடிக்க வேண்டும், எந்தத் தோளை இழுக்கக் கூடாது, எந்தப் பக்கம் சாய்த்தால் மூச்சு முட்டும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பழகிய கைகளுக்குத்தான் அது தெரியும். தெரியாதவர் தூக்கினால் இருவருக்குமே அடிபடலாம். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கழிப்பறைக்குப் போவதும் குளிப்பதும் உடை மாற்றுவதும் இந்த உதவியில் அடக்கம். காலையில் தன்னைக் குளிப்பாட்டிய மாணவர் பத்து மணிக்கு முன்வரிசையில் உட்கார்ந்து தன் உரையைக் கேட்பார் என்றால், எந்த அறிஞர் அதற்குச் சம்மதிப்பார்? யாருடைய கை தன் உடலைத் தொடலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர் மட்டுமே.

சட்ட நிலையையும் குழுவிடம் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க ஒருவருக்குத் தேவைப்படும் ‘நியாயமான வசதி’யை மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது அதன் இரண்டாம் பிரிவு. அந்த வசதிக்கான செலவு மாற்றுத்திறனாளியின் தலையில் விழக் கூடாது என்று உடன்படிக்கையின் குழு 2018-இல் வெளியிட்ட பொதுக் கருத்துரையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அளவுக்கு மீறிய சுமை என்று மறுக்க இடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சுமையை உங்கள் மொத்த நிதியோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும், இன்னொரு பேச்சாளரின் பயணச்சீட்டோடு அல்ல.

கனடாவில் இது விமானப் பயணத்திலேயே தீர்ந்துவிட்ட விஷயம். 2008 ஜனவரியில் அந்நாட்டின் போக்குவரத்து ஆணையம், உதவியாளர் அவசியமானவருக்கு உள்நாட்டு விமானங்களில் இரண்டாவது இருக்கைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஏர் கனடா, வெஸ்ட்ஜெட் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ‘ஒருவருக்கு ஒரு கட்டணம்’ என்பதே அதன் அடிப்படை.

என்னை இன்னும் நெகிழ வைப்பது 1977-இல் நடந்தது. அரசு நிதி பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு. அதை நடைமுறைப்படுத்தும் விதிமுறைகளில் அரசு கையெழுத்திடக் கோரி மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவில் அரசுக் கட்டடத்துக்குள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். பிராட் லோமாக்ஸ் அவர்களில் ஒருவர். தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கும் நரம்பு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவருடைய உதவியாளர் சக் ஜாக்சன் உள்ளே லோமாக்ஸை மட்டுமல்ல, மற்றப் போராளிகளையும் பார்த்துக்கொண்டார். வாஷிங்டனுக்குக் குழு அனுப்ப முடிவானபோது இருவரின் பயணச் செலவையும் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சி ஏற்றது. லோமாக்ஸ் போக வேண்டுமென்றால் ஜாக்சனும் போக வேண்டும் என்பது அவர்களுக்கு விளக்கத் தேவையில்லாததாக இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி விதிமுறைகளில் கையெழுத்தானது.

உங்களிடம் கேட்டு எழுதியவர் ஒருவர். எழுதக் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுபவர்களை நினைத்துப் பாருங்கள். அதனால் பேச்சாளருக்கு மட்டும் என்று இதை நிறுத்திவிடாதீர்கள். பார்வையாளர் பதிவுப் படிவத்திலேயே ‘உதவியாளர் வருகிறாரா, என்ன செலவை நாங்கள் ஏற்க வேண்டும்’ என்று கேளுங்கள். மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள். நிதி உண்மையிலேயே குறைவு என்றால் நினைவுப் பரிசையும் நிறைவு விருந்தையும் குறையுங்கள். இணையவழிப் பங்கேற்பு அவரே விரும்பினால் மட்டும்.

பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். ரசீது காட்டினால் பிறகு தருகிறோம் என்பது, அன்றாடச் செலவுக்கே திணறுபவரிடம் கடன் கேட்பதாகிவிடும். அவருக்கு இன்றே பதில் எழுதுங்கள். ஒரே அறையில் இரண்டு கட்டிலா, இடையில் கதவு உள்ள இரண்டு அறைகளா, எது வசதி என்று கேளுங்கள். அழைப்புக் கடிதத்தில் உதவியாளரின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். விசா எடுக்க வேண்டியிருந்தால் அவருக்கும் அந்தக் கடிதம் தேவைப்படும்.

அன்புடன்.