சிவப்புச் சீமெந்து நிலமும் அதன் நிறமும்: வாசகர் கேள்விகள்

கல்லடியில் வீடு கட்டுகிறோம். விறாந்தைக்குச் சிவப்பு நிலம் போட ஆசை. ஒக்சைட் தூள் எவ்வளவு சேர்க்க வேண்டும்?

சீமெந்தின் எடையில் நூற்றுக்கு 5 பங்கு போதும். 50 கிலோ பைக்கு இரண்டரைக் கிலோ. 10 பங்கைத் தாண்டினால் நிறம் கூடாது, பூச்சின் பலம்தான் குறையும். மேசனிடம் தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். கைப்பிடியால் அள்ளிப் போட்டால் ஒரு மூலை செங்கல் நிறத்திலும் மறுமூலை ரோஸ் நிறத்திலும் வரும். தூளைச் சீமெந்துடன் காய்ந்த நிலையிலேயே கோடு தெரியாத அளவுக்குக் கலந்து, அப்புறம்தான் தண்ணீர் விட வேண்டும். ஒவ்வொரு கலவைக்கும் தண்ணீர் ஒரே அளவு. தண்ணீர் கூடினால் நிறம் வெளிறும்.

வேலை சுருக்கமாக முடியட்டும் என்று ஈரப் பூச்சின் மேல் வெறும் ஒக்சைட்டைத் தூவித் தேய்க்க விடாதீர்கள். அது பிடிக்காது, கூட்டும்போதெல்லாம் தும்புத்தடியில் சிவப்பாக ஒட்டும்.

முதலில் ஒரு பலகைத் துண்டில் கொஞ்சம் பூசி, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் கருஞ்சிவப்பாகத் தெரிவது காய்ந்ததும் எவ்வளவோ வெளிறிவிடும்.

கச்சான் வீசும் மாதங்களில் மதியத்தில் பூச வேண்டாம். அந்தச் சூட்டுக் காற்று மேற்பரப்பை ஒரே இழுவையில் உலர்த்தி மயிர்வெடிப்பு விழுத்தும். விடிய ஆரம்பியுங்கள். மறுநாளிலிருந்து ஓரத்தில் வரம்பு கட்டி ஏழு நாள் தண்ணீர் தேக்கி வையுங்கள். ஈரச் சாக்குப் போடுவது சாதா நிலத்துக்குச் சரி. நிற நிலத்தில் சாக்கின் கறை அப்படியே பதிந்துவிடும்.

அக்கரைப்பற்றில் புதுச் சிவப்பு நிலம் மாரி முடிந்ததும் வெள்ளை பூத்துவிட்டது. தூள் கலப்படமா?

தூளைக் குறை சொல்லாதீர்கள். சீமெந்தில் உள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. கடல் மண்ணோ உவர்த்தண்ணீரோ கலந்திருந்தால் உப்பும் சேர்ந்து பூக்கும். கம்பி போட்ட கொங்கிரீட்டுக்கு அந்த உப்பு பெரிய கேடு, கம்பி துருப்பிடிக்கும். இப்போது காய்ந்த தூரிகையால் தேய்த்துக் கூட்டுங்கள். போகாவிட்டால் வினாகிரியில் தண்ணீர் கலந்து ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, பிறகு முழுக்கத் துடைத்து நன்றாகக் கழுவுங்கள். கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்.

பழைய நிலத்துக்குப் பூசிய பெயின்ற் தோல்போல உரிகிறது.

கீழிருந்து ஈரம் ஏறுகிறது. வாவிக்கரைப் பக்கத்து வீடுகளில் இது வழக்கமான தொல்லை. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டின் நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, ஒரு இரவு விட்டு அடுத்த நாள் எடுத்துப் பாருங்கள். அடியில் துளி நின்றாலோ நிலம் கறுத்திருந்தாலோ பெயின்ற் வேண்டாம். இதை மாரியில் செய்து பார்ப்பதுதான் நியாயமான சோதனை. கோடையில் எல்லா நிலமும் தேறிவிடும். புது நிலமென்றால் 28 நாள் பொறுத்துப் பூசுங்கள்.

வாசற்படியையும் மினுக்கலாமா?

வேண்டாம், மழையில் வழுக்கும். பூச்சு இறுகத் தொடங்கும்போது தும்புத்தடியால் நடக்கும் திசைக்குக் குறுக்காக மெல்ல ஒரு இழுவை இழுத்து விடுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

பளபளப்புக்குப் பழைய எஞ்சின் ஒயில் தேய்க்கலாமா?

கூடாது. நிறம் கறுக்கும், கால் வழுக்கும், பின்னாளில் சீலரோ (நிலத்தை மூடும் காப்புப் பூச்சு) பெயின்றோ பிடிக்காது. மெழுகுப் பொலிஷ் கொஞ்சமாகத் தடவி, தேங்காய்ப் பொச்சுமட்டையால் அழுத்தித் தேயுங்கள்.